பேச்சியின் கடைசி அத்தியாயம்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு ஓர் ஆடித்தபசுத் திருவிழா வந்து போய்விட்டது. எனக்குக் கோயில் பக்கம் போக மனம் வரவில்லை. ஊரே தெருவில் நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

உன் தொடர்கதை முடிந்துவிட்டது, அக்கா. முடித்தது நீ இல்லை.

பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளைக்கதை ஒரு கேடா என்று உன் மாமியார் கேட்காத நாள் உண்டா? "பேப்பர்லயாது பெத்துக்கிடட்டும்" என்று உன் காதுபடவே சொன்னார். நீ அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்காருவாய். குருவிகுளத்துக் கரிசலில் ஆடு மேய்த்த பேச்சி, தொலைவூருக்கு வீட்டு வேலைக்கு விடப்பட்டு, அங்கிருந்து தப்பி, அந்தச் சிறுவர் பத்திரிகையில் வாராவாரம் ஊரைப் பார்த்து நடந்தாள். எத்தனை பிள்ளைகள் உனக்குக் கார்டு போட்டார்கள்!

சிறுநீரகம் கெட்டு, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நீ எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, முடிவை என்னிடம் சொன்னாய்.

"பேச்சி ஊரு வந்து சேந்துருவா ட்டீ. ஆனா வீடு பூட்டிக் கெடக்கும். மழையில்லாம எல்லாரும் பஞ்சம் பொழைக்கப் போயிருப்பாவ. எங்க போனாவன்னு சொல்ல ஒரு ஆளு இருக்காது."

"பிள்ளையள்லாம் அழுமே, அக்கா?"

"வீடு பூட்டிக் கெடக்குத பிள்ளையளும் இத வாசிக்கும்லா. அதுககிட்ட பொய் சொல்லச் சொல்லுதியா?"

நீ போன பின், பத்திரிகை ஆசிரியர் கதையின் முடிவைக் கேட்டு முக்குக் கடைக்கு ட்ரங்க் கால் போட்டார். ஓடிப்போய் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "குழந்தைகள் தாங்க மாட்டாங்கம்மா" என்று போனை வைத்துவிட்டார். பத்திரிகையில் வந்த கடைசி வாரக் கதையில், பேச்சியின் அம்மா வாசலிலேயே நின்று மகளைக் கட்டிக்கொண்டாள். கீழே உன் பெயர்.

என் மகள் கைதட்டினாள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். "பெரியம்மா இப்படி நெனைக்கல, மக்கா" என்று உன் முடிவைச் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப பேச்சி இப்ப எங்கன இருக்கா?" என்று கேட்டாள். உனக்குத் தெரிந்திருக்குமோ?

இப்போது அந்த மாற்றிய முடிவோடேயே அதைப் புத்தகமாகப் போட, பத்திரிகைக்காரர்கள் அத்தானிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். "நீ சொன்னாத்தான் போடுவேன்" என்றார் அத்தான். வேண்டாம் என்றேன். பூட்டிய கதவின் முன்னால் பேச்சி நிற்கிற புத்தகத்தில்தான் உன் பெயர் வரும், அக்கா. அப்படியொன்று வராமலே போனாலும் சரி, மற்றதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

சங்கரன்கோவிலிலிருந்து,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி