வலது பக்கம் மாட்டிய விளக்கு

சைக்கமோர் ஓடை, ஆர்கன்சா
ஞாயிறு, தேவாலயம் முடிந்து வந்தபின்

அன்பு மகள் கேசிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டு, அந்த சார்ஜென்ட் அம்மாளிடம் கொஞ்சம் குறைவாகத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால் பெட்டியருகே நின்றபடியே படித்து முடித்தேன். செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கடிதம் எழுத வைக்கிறார்களே, அந்த ஒரு விஷயத்துக்காக ராணுவத்துக்கு என் நன்றி. வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை நான் வாங்கியதில்லை.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உன் செல்ல ஆடு பிஸ்கட் குட்டி போட்டுவிட்டது. இரட்டை. இரண்டும் பெட்டை, இரண்டுக்கும் தாயைப் போலவே ஒரு காது மட்டும் வெள்ளை. இரண்டாவது கேள்வி, உன் பயிற்சி முடியும் நாளின் அணிவகுப்புக்கு அப்பா வருவாரா என்பது. அதற்குப் பதில் சொல்ல ஒரு டார்ச் லைட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி. அங்கே உனக்குப் பொறுமையைத்தானே கற்றுத் தருகிறார்கள்.

நீ கிளம்பிய அன்று டிரக்கின் பக்கத்தில் நின்று அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. "போறது உன் இஷ்டம். என்கிட்டேர்ந்து லெட்டர் மட்டும் எதிர்பாக்காதே." அன்றிலிருந்து உன் பெயரைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் "உன் மக" என்பார், ஏதோ நான் தனியாகப் போய்ச் சந்தையில் வாங்கிவந்த மாதிரி. அணிவகுப்பு பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்: "ஆடுங்கள யாரு பாத்துப்பா?"

அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் கயோட்டி நரிகள் மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டன. பக்கத்துப் பண்ணைக்கார ஹோய்ட்டின் ஆடு போட்ட குட்டியை வேலிக்குள்ளேயே வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. பிஸ்கட்டுக்கு அப்போது நிறை வயிறு. அப்பாவின் வாத்து வேட்டைத் துப்பாக்கி நீளம் அதிகம், கொட்டகைக் கதவுக்குள் திருப்பவே முடியாது. அதனால் அலமாரியிலிருந்து உன்னுடைய குட்டைத் துப்பாக்கியை எடுத்தார். இருட்டில் கண்ணுக்குத் தெரியாததைச் சுடக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம் என்று உனக்குத் தெரியும். ஆகவே அதில் ஒரு டார்ச் மாட்டுவது என்று முடிவாயிற்று. எங்கே மாட்டுவது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று.

முதலில் கறுப்பு டேப்பைச் சுற்றிக் குழல் நுனியில் கட்டினார். வெளிச்சம் பிரமாதம். ஓடைக்கரையில் போய் நாலு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு வந்தபோது டார்ச்சின் கண்ணாடி என் வாணலியின் அடிப்பாகம் போல இருந்தது. புகைக்கரி. "கண்ணாடிய நாக்கால நக்கித் தொடச்சிக்கிட்டே சுடுவியா?" என்று கேட்டேன்.

அடுத்து பின்னால் கொண்டுவந்து குழலை ஒட்டி மாட்டினார். இப்போது குழலின் நிழலே எதிரில் சுவர் மாதிரி விழுந்தது. கொட்டகையில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. தெரியாத பாதியில்தான் கயோட்டி நிற்கும் என்றேன். 

மூன்றாவது தடவை அடியில். அது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் கேட்டின் மேல் துப்பாக்கியைச் சாய்த்ததும் கம்பி சுவிட்சை அமுக்கி, விளக்கு தானாக எரிந்தது. அது எரிந்தது தெரியாமல் உன் அப்பா ஆடுகளை எண்ணிக்கொண்டு நின்றார். மறுநாள் பேட்டரி செத்துக் கிடந்தது.

நேற்று முன்தினம்தான் உச்சகட்டம். இருட்டும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நட்டநடு மத்தியானத்தில் வரவேற்பறையின் திரைகளையெல்லாம் இழுத்து மூடினார். தோட்டாக்களை எண்ணி உன் சூப் கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தார். துப்பாக்கியில் தோட்டா போடும் அறையையும் திறந்து காட்டி, காலி என்று என்னைச் சொல்ல வைத்தார். அந்த விஷயத்தில் மட்டும் மனுஷன் மாறவே மாட்டார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையைக் குறிபார்த்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். அந்த நேரம் பார்த்து போதகரின் மனைவி சகோதரி ஆர்வெல்லா, கையில் பீக்கன் கொட்டை வைத்துச் சுட்ட பலகாரத்தோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

வேறு யாராவது என்றால் பலகாரத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். சகோதரி ஆர்வெல்லாவை உனக்குத் தெரியுமே. பலகாரத்தை என்னிடம் நீட்டிவிட்டு, உன் அப்பாவைப் பார்த்து, "ஏன் வெர்லின், அந்த மான ரெண்டாந்தடவை கொல்லப் போறியா?" என்று கேட்டார். பிறகு துப்பாக்கியைக் கையில் வாங்கி, அவரும் ஒருமுறை திறந்து பார்த்து, குழலைத் தாங்கும் முன்பிடியில் கை வைத்தார். "நுனியும் வேணாம், அடியும் வேணாம். தாங்கற கையோட கட்டவெரல் எங்க படுத்துக்கிடக்குதோ அங்கதான் சுவிட்சு வரணும். இத யாரு சுடப்போறா? வலது கைக்காரங்கன்னா இடது பக்கம் மாட்டு. இடது கைக்காரங்கன்னா வலது பக்கம். இதுக்கு எதுக்குய்யா ஒரு வாரம்?"

 உன் அப்பா இரண்டு துண்டு பலகாரம் சாப்பிட்டார். அப்புறம் கிளாம்பையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

நேற்று மாலை, வெளிச்சம் மங்கும் நேரம், பிஸ்கட் குட்டி போட இடம் தேடிக் கொட்டகையை விட்டுப் புல்வெளி மூலைக்குப் போய்விட்டது. உன் ஆடுதானே, வேலி என்ன சொன்னாலும் கேட்காது. நாங்கள் கண்டுபிடித்தபோது இரண்டு குட்டியும் தரையில் ஈரத்தோடு கிடந்தன. அதற்கு அப்பால் புதரில் ஏதோ அசைந்தது. ஹோய்ட்டின் நாயாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரே பதைப்பு. அப்பா துப்பாக்கியைத் தூக்கினார், கேசி, இடது தோளுக்குத் தூக்கினார். வலது கைக் கட்டைவிரல் தேடாமல் போய் சுவிட்சில் அமர்ந்தது. விளக்கு எரிந்ததும் இரண்டு மஞ்சள் கண்கள். நாய் இல்லை, கயோட்டி. சுட்டார்.

கயோட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் தகரத் தண்ணீர்த் தொட்டிதான் சல்லடையாகிவிட்டது. இடது கையால் சுடுவது அவருக்கு எழுபது வயதில் நடனம் கற்றுக்கொள்வது மாதிரி. ஆனால் அந்தக் கயோட்டி ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், இந்நேரம் மிசூரி எல்லையைத் தாண்டியிருக்கும். நாங்கள் ஆளுக்கொரு குட்டியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஒழுகும் தொட்டியைப் பார்த்துச் சிரித்தோம். உன் அப்பா சத்தமாகச் சிரித்ததை நீ போன பிறகு நேற்றுதான் கேட்டேன்.

விளக்கு வலது பக்கம் இருப்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். "நீ சோத்துக் கைக்காரன். உனக்கு இடது பக்கம்தானே வரணும்?" என்று கேட்டேன்.

"துப்பாக்கி அவளோடது. அவ இடது கைக்காரி" என்றார்.

"அவ இங்க இல்லையே. இப்போதைக்கு உனக்குத் தோதா மாட்டிக்கோ. அவ வர்றப்ப மாத்திக்கலாம்."

"லீவுல வந்து எறங்கின அன்னிக்கே கொட்டகையில சத்தம் கேட்டா? நான் மாத்த மறந்திருந்தா? இருட்டுல கெடந்து அவ தேடிக்கிட்டு நிக்கணுமா? நான் கத்துக்கறேன். எனக்கென்ன, நாள் பூரா சும்மாதானே இருக்கேன்."

சும்மா இருக்கிறாராம். இந்த வாரம் பூராவும் தினமும் சாயங்காலம் கொட்டகைக்குள் காலித் துப்பாக்கியை இடது தோளில் வைத்து எடுத்துப் பழகியிருக்கிறார். ஆட்டுக்குத் தீனி வைக்கப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயதில், காலித் தோட்டா உன் முகத்துக்குக் குறுக்கே பறக்கக்கூடாதென்று, கீழே உதிர்க்கும் இந்தத் துப்பாக்கியைத் தேடி மூன்று கவுண்டியிலும் கடை கடையாகச் சுற்றிய அதே மனுஷன்தான். நான்தான் மறந்துபோனேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. குட்டி கோட்டுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் அவரே சகோதரி ஆர்வெல்லாவிடம் போய், அணிவகுப்பு நாட்களில் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் தூண் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "பாத்துக்கறேன். ஆனா அந்தக் கோணல் லைட்டு எனக்கு ஆகாது, என் துப்பாக்கியோட வர்றேன்" என்றார் அந்த அம்மாள். டிரக்குக்கு இப்போதே ஆயில் மாற்றியாயிற்று. தொட்டி ஓட்டைகளைத் தாரும் கார்க்கும் வைத்து அடைத்திருக்கிறோம், ஒழுகத்தான் செய்கிறது. குட்டிகளுக்கு நீ வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

ஆக, உனக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளின் குடும்பங்களோடு நாங்களும் இரண்டு பேராக உட்கார்ந்திருப்போம். நான் கத்துவேன், வெட்கப்படாதே. வணக்கத்தை மட்டும் ஞாபகமாக வலது கையால் வை. ஈரக் காலுறையோடு தூங்காதே. அங்கே எந்த இருட்டில் நீ போய் நின்றாலும், தேடாமல் உன் விரலுக்கு வெளிச்சம் கிடைக்கட்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இதை உறையில் போடும்போது, ஏதாவது எழுதுகிறாயா என்று அப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன், வாங்கவில்லை. கதவுவரை போய்த் திரும்பி நின்று, "வலது பக்கம் மாட்டியிருக்குன்னு மட்டும் கேசிக்கு எழுது. புரிஞ்சிக்குவா" என்றார்.

உன் பெயரைச் சொன்னார், கண்ணு.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் கதவைப் பார்த்தபடி,
அம்மா ராண்டா