கதவைத் திறந்து வைத்து எடுத்த அளவு

மாப்பிள்ளைக்கு மாமியார் எழுதுவது.

இதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம், நீங்களே படியுங்கள். எழுத்துப் பிழை இருக்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். ஞாபகத்துக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மகள் போனில் சொன்னாள். நீங்கள் தினமும் பயிற்சிக்குப் போக வேண்டிய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஆனால் நீங்களோ, "அந்த வீட்டுல என் வண்டிக்கே இடமில்ல, எனக்கு எங்க இருக்கப்போகுது" என்றீர்களாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டைத் தாண்டும்போது சொன்ன அதே பேச்சு. பரவாயில்லை, உங்களுக்கும் ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது.

இடம் போட்டாகிவிட்டது. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில், கார் நிற்க மரக் கொட்டகை. ஆறு தூண், மேலே விட்டம், தகரக் கூரை. சுற்றிலும் சுவர் கிடையாது, காற்று தாராளமாகப் போய்வரும். கூரையைப் படி வரைக்கும் இழுத்துவிட்டோம். அடைமழை பெய்தாலும் உங்கள் வாக்கரில் ஒரு சொட்டு விழாது.

தச்சர் பழைய ஆள்தான். நம் சமையலறை அலமாரிக் கதவை அரை விரல் குறைத்து வெட்டியவர். பத்தொன்பது வருஷமாக அது சரியாக மூடவில்லை, நானும் மறக்கவில்லை. அதனால் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எதிர்வீட்டு டீச்சரின் காரை உள்ளே விடச் சொல்லி அளவெடுத்து, தூணுக்கு இரண்டு குழியும் தோண்டிவிட்டார். கதவைத் திறந்தால் எங்கே இடிக்கும் என்று கேட்டேன். "கதவைத் திறந்து வெச்சு யாரும்மா வண்டி நிறுத்துவாங்க?" என்று சிரித்தார். காரின் கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் வாக்கர் அகலத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, நானே காரில் உட்கார்ந்து இறங்கிக் காட்டினேன். குழி சரியாக ஸ்டூலுக்கு அடியில் இருந்தது. "அலமாரி ஞாபகம் இருக்கா?" என்றேன். மனுஷர் குழியை மூடி, இரண்டடி தள்ளித் தோண்டினார்.

டீச்சருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "காரே இல்லாத வீட்டுக்குக் கொட்டகையா?" என்றாள். "விருந்தாளி வந்த பிறகா நாற்காலி வாங்குவாங்க?" என்றேன். போய்விட்டாள்.

உங்கள் மாமாவுக்கோ கைதான் சும்மா இருக்கவில்லை. தினமும் மரத்தூளைக் கூட்டி அள்ளினார். ஆறு தூணுக்கும் தானே வார்னிஷ் அடித்தார். அவரோடுதானே நீங்கள் பேசுவதில்லை? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு அவர் உங்களிடம் வந்து, வாசலில் போட்ட புதுத் தரையில் எண்ணெய் சொட்டுகிறது, வண்டியை ரோட்டில் விடுங்கள் என்றார். சாயங்காலக் காற்றில் ரோட்டோர மரத்தின் கிளை முறிந்து விழுந்து உங்கள் வண்டிக் கண்ணாடி உடைந்தது. நீங்கள் கோபத்தில் வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்து, கேட் தூணில் உரசிக்கொண்டே போனீர்கள். அவரை அனுப்பியது நான். மாப்பிள்ளையிடம் நானே சொன்னால் நன்றாக இருக்காது என்று அடுப்படியிலிருந்து அனுப்பினேன். இத்தனை வருஷமும் பழியை அவர் சுமந்தார், ஒரு தரம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரார் செய்ததையெல்லாம் தேதியோடு சொல்கிறவள் நான். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் கணக்கிலும் ஒன்று உண்டு. போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நீங்கள் ஒரு போன் செய்யவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறேன். நேரில் வந்தால் கேட்பேன்.

கேட் தூணில் நீங்கள் இழுத்த கோடு அப்படியே இருந்தது. மூன்று தரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மூன்று தரமும் அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன், கோபத்தில்தான். இப்போது வழி அகலம் போதாது என்று கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தத் தூணையே இடித்தாயிற்று. புதுத் தூண் தள்ளி நிற்கிறது, வழவழவென்று.

வண்டி ஓட்டப்போவது என் மகள். அவள் என்னைப் போல, திருப்பத்தில் வேகம் குறைக்க மாட்டாள். நேராக உள்ளே விடச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் கதவை மாமாதான் திறப்பார். அந்தக் கையைப் பிடித்து இறங்குங்கள். கால் சீக்கிரம் பலமாக ஊன்றட்டும்.

எண்ணெய் சொட்டினால் சொட்டட்டும்.

இப்படிக்கு,
வாசலில் நாற்காலி போட்டிருக்கும்
உங்கள் மாமியார்