அம்மாவின் பாட்டில் ஒரு பீப்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜிஷா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போன வாரம் கள்ளக்கடல் ஏறி, பின்வாசல் வரை மணலைக் கொண்டுவந்து போட்டுவிட்டது. அள்ளிவிட்டோம். காலாண்டுத் தேர்வில் தமிழில் நான்தான் முதல்.

போனில் நீங்கள் கோபமாகப் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால்தான் பஹ்ரைனுக்குத் திரும்பும் ஆன்ட்ரூஸ் மாமா கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா நம் ஊர் வானொலியில் அசிங்கமாகப் பாடினாள் என்று உங்கள் அறையில் யாரோ சிரித்தார்களாம். அந்தப் பாட்டை இனி போடக்கூடாது என்று அம்மா போய்ச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அவர்கள் பாட்டைக் கேட்கவே இல்லை அப்பா, பீப் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மீன் விற்கப் போகும் பெண்கள் சேர்ந்து கட்டிய பாட்டு அது. தலையில் இருக்கும் மீன் சருவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறும்போது, கூட்டத்தில் ஒருவனுடைய கை எங்கே வருகிறது என்று பாடியிருக்கிறார்கள். அம்மாதான் முதல் குரல். அதில் 'முலை' என்ற சொல் வருகிறது. பள்ளிச் செய்யுளில் அதே சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். வானொலியில் அந்த இடத்தில் பீப் போட்டுவிட்டார்கள்.

அசிங்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பீப்புக்குள் என்ன இருந்தது என்று ஆளாளுக்கு ஒரு கெட்ட வார்த்தையை வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் குளோரி அக்காவும் பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டோரக் கலுங்குத் திண்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் 'பீப், பீப்' என்று கூவுகிறார்கள். குளோரி அக்கா சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

நானும் அம்மாவும் வானொலிப் பொறுப்பாளர் யூஜின் சாரைப் பார்க்கப் போனோம். அவர் கெட்டவர் இல்லை. சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று பயப்படுகிறார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மனசு' என்று வைத்தால் பீப்பே வேண்டாம் என்றார். "மனசத் தொட்டவன நான் எதுக்கு சாரே ஏசணும்?" என்று அம்மா கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போடலாமா என்றார். "ராத்திரியா அவன் கையப் போடுகான்? காலம்பறயில்லா" என்றாள்.

அப்புறம் நான் ஒன்று செய்தேன். ஞாயிறு காலை நேயர் விருப்பத்தில் நான் பெயர் வாசிக்கிறேன் அல்லவா, அதில் எல்லோரும் கேட்கும் ஒரு சினிமாப் பாட்டு உண்டு. ஒரு பெண்ணின் இடுப்பில் தொடங்கி மேலே போகும். அதை அங்கேயே அவர் முன்னால், இசையில்லாமல், கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கும் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நாலாவது வரியில் யூஜின் சார், "போதும் பிள்ள, நிறுத்து" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்கு ஏன் பீப் இல்லை சார் என்று கேட்டேன். அதையும் தடை செய்யச் சொல்கிறாயா என்றார். இல்லை என்றேன். போடுங்கள், பிடிக்காதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் தொடுகிறவன் பாடினால் முழுப் பாட்டு, தொடப்பட்டவள் பாடினால் பீப் என்பது ஒழுக்கம் இல்லை சார் என்றேன்.

கடைசியில் அவர், உங்கள் பெயரைச் சொல்லி, ஞானதாசன் ஒரு வார்த்தை சரி என்று சொல்லட்டும், போடலாம் என்றார். அம்மா எழுந்துவிட்டாள். "பாடினது நான். அவியகிட்ட எதுக்குக் கேக்கணும்? பஸ்ஸுல அவியளா நின்னாவ?" என்றாள். பிறகு யூஜின் சார், அந்த முன்னறிவிப்பை நீயே எழுதிக் கொண்டுவா என்று என்னிடம் சொன்னார்.

ஆகவே இது உங்களிடம் சம்மதம் கேட்கும் கடிதம் இல்லை. கோபப்படுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு கோபப்படுங்கள். பஸ்ஸில் இது எத்தனை வருடமாக நடக்கிறது என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "ஒனக்கு எத்தன வயசு?" என்று திருப்பிக் கேட்டாள். உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லையாம்.

வருகிற சனிக்கிழமை காலை பாட்டு முழுதாக வருகிறது. வானொலியின் செயலியில் அங்கேயும் கேட்கலாம். குளோரி அக்காவும் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். முன்னறிவிப்பில் பாடியவர்கள் பெயரை நான் வாசிப்பேன். ரீத்தா ஞானதாசன் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை எடுத்துவிடலாம் என்கிறாள் அம்மா. நான் எடுக்கவில்லை.

அறையில் எல்லோரும் இருக்கும்போதே போடுங்கள் அப்பா. யாராவது சிரித்தால், அது என் வீட்டுக்காரி என்று சொல்லுங்கள்.

கடல் மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மகள்,
ஜிஷா