சுவருக்கு வந்த நிதி

சென்னை, மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் ஸ்வாதி. நலமா? தென்காசியில் வெயில் அதிகமா? நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தம்பி இசக்கிமணியைச் சேர்த்திருக்கும் இந்த அரசு ஆராய்ச்சி மருத்துவமனை அவனுக்குக் கொடுத்துவந்த ரத்தநோய் மருந்து நின்றுவிட்டது. "மருந்துக்கான நிதி தீர்ந்துபோச்சும்மா. கட்டட நிதிதான் மிச்சம். அதை மருந்துக்கு மாத்த விதி இல்லை," என்றார் டாக்டர். மிச்சத்தை மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அதனால் எங்கள் வார்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

"அப்போ என்னையும் ஒரு சுவருன்னு எழுதிக்கிடுங்க சார்," என்றான் தம்பி. அம்மாகூடச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

புது நிதி ஜூனில்தான் வரும். அதுவரை தம்பி தாங்குவானா என்று கேட்டேன். அவர் அவனுடைய போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனார்.

உங்கள் சட்டை ஒன்றைத் துவைக்காமல், உங்கள் வாசனையோடு அனுப்புங்கள். பெயின்ட் வாடையில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும்தான். விளக்கை அணைக்கப்போகிறார்கள், நிறுத்துகிறேன்.