தேதிக்கு இடம் விட்ட தாள்

மார்ச் 4
இன்று நான்கு கல்லறைக் கற்களுக்கு எழுத்து வரைந்து கொடுத்தேன். மூன்றுக்கு வழக்கமான, அலங்காரமில்லாத கட்டை எழுத்து. நான்காவதற்கு ஒரு பெண் வேறொரு கல்லறையின் புகைப்படம் கொண்டுவந்து, “எங்கப்பா கல்லுல இதே மாதிரி வேணும்” என்றார். ஒவ்வொரு எழுத்தின் வாலும் கொடியாக நீண்டு, சுருண்டு, இலை விட்டு, அடுத்த எழுத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பதினோரு வருட வேலையில் ஓர் எழுத்தைப் பார்த்து நான் இப்படி மயங்கியதில்லை. கல் வெட்டும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதை வெட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்கே ஒரு கல்லு வேணும்.”

மார்ச் 9
பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. பஸ் டிக்கெட்டின் பின்னால், செய்தித்தாள் ஓரத்தில், எங்கும் கொடியெழுத்து. ப, ட இரண்டும் முரட்டுப் பிள்ளைகள், சொன்னபடி வளையாது. என் பெயர் முழுக்க இவைதான். அக்கா பெயர் ஞாவில் தொடங்கி ழியில் முடிகிறது. கொடுத்து வைத்தவள்.

மார்ச் 15
அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று வாரம். இன்றும் ரத்தம் ஏற்றினார்கள். பகலில் அத்தான், சாயங்காலம் நான். டாக்டர் “பார்க்கலாம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று என் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

மார்ச் 21
அக்கா தூங்கும்போது அவள் பெயரை வரைந்தேன். பட்டறையில் யாரும் பெயரை மட்டும் வரைவதில்லை. பெயர், கீழே பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு, பிறகு இன்னொரு தேதிக்கு இடம். கை தானாகவே அந்த இடத்தை விட்டிருந்தது. உடனே கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. எழுதவே கூசுகிறது — நான் இதுவரை வரைந்ததில் அதுதான் அழகு.

மார்ச் 24
அக்கா துண்டு எடுக்க என் பையைத் திறந்தாள். தாள் கையில் வந்துவிட்டது. வெகுநேரம் பார்த்தாள்.
“அழகா இருக்குடி. எப்போ வேணுமாம்?”
“சும்மா வரைஞ்சேன்க்கா… பழக்கத்துல…”
“நீ முடிவு பண்ணிட்டேன்னு சொல்லு.”
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்! அவ உயிரோடதானே இருக்கா? எதிர்ல உட்கார்ந்து மூச்சு விடுறத பார்த்துக்கிட்டேதானே வரைஞ்சேன்?

மார்ச் 26
வார்டு வாசலிலேயே அத்தான் நிறுத்திவிட்டார். “கொஞ்ச நாள் வராதேம்மா. அவ உன்னப் பார்க்க வேண்டாங்கறா.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1
அக்கா போன் எடுக்கவில்லை. தாளை எரித்துவிட்டேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஏப்ரல் 6
காலை ஆறு பத்து. அத்தான்தான் போன் செய்தார்.

ஏப்ரல் 19
அத்தான் பட்டறைக்கு வந்தார். முதலாளியிடம் போகாமல் நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.
“அவளே சொல்லிட்டுப் போயிருக்கா. கட்டை எழுத்து. பேர் மட்டும் போதும், தேதி வேண்டாம்னு. அப்புறம்… நீ வரைய—”
“சரி அத்தான்.”
கல் வெட்டும் அண்ணன் அளவுகோலை வைத்து நேரே கல்லிலேயே பென்சிலால் எழுதினார். முதல் எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.