கானற்கோட்டை நீர்வண்டியின் பட்டை கழன்ற வழக்கு

செந்தாழை நாடாளும் மாநெடுங்கோ மன்னரின் அமைச்சர் ஆளவந்த நம்பியார், நீர்த்துறைமங்கலத்துத் தச்சப் பெருஞ்சபைத் தலைவர் வீரவிடங்கனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊரின் ஏரிகள் நிறைக, படித்துறைகள் வழுக்குக, சபையார் நலமே வாழ்க. இங்கு அமைச்சருக்குத்தான் சில நாட்களாகச் சோறும் இறங்கவில்லை, உறக்கமும் கொள்ளவில்லை.

வறண்ட எல்லையில் இருக்கும் கானற்கோட்டைக்குக் குடிநீர் ஏற்றிச் செல்லும் அரச வண்டியைக் கொற்றி என்பவள் ஓட்டுகிறாள். அதன் சக்கரங்கள் தங்கள் சபை செய்தவை. அடுத்த மழை வரும்வரை இரும்புப் பட்டை கழன்றால் சபையே புதிது பூட்டித் தரும் என்று மன்னர் முன்னிலையில் கற்பூரம் அணைத்து உறுதி சொன்னவரும் தாங்களே. முதன்முறை கழன்றபோது பாதையைக் குறை கூறிப் பூட்டிக் கொடுத்தீர்கள். மறுமுறை எருதுகளைக் குறை கூறிப் பூட்டிக் கொடுத்தீர்கள். இம்முறை, பாதையும் எருதும் தீர்ந்துபோனதாலோ என்னவோ, கொற்றியைக் குறை கூறிக் கையை விரித்துவிட்டீர்கள்.

இம்முறை நடந்தது இது. கோட்டைச் சரிவில் பட்டை கழன்று, சக்கரத்தின் மர விளிம்பு பிளந்து, வண்டி குடைசாய்ந்தது. நீர்ச்சால்கள் உடைந்தன. மிஞ்சிய ஒரு குடத்தைத் தலையில் சுமந்து கொற்றி கோட்டை வாயிலை அடைந்தபோது, வெறுங்குடங்களோடு காத்திருந்த பெண்கள் எவரும் அவளை ஏசவில்லையாம். ஏசியிருந்தால் தேவலை என்று அவையில் சொல்லி அழுதாள். இன்னொரு முறை வண்டி விழுந்தால் ஊரைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று கோட்டையார் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

தங்கள் தூதர் அவையில் எடுத்துரைத்த வாதம் கேட்பதற்கு வலுவாகத்தான் இருந்தது. மரம் காய்ந்து சுருங்கினால் பட்டை தளரும்; ஆகவே வண்டியை நிறுத்தும் இடந்தோறும் சக்கரத்தை நீரில் ஊறவைக்க வேண்டும் என்பதே உறுதியின் நிபந்தனை; கொற்றி அதை மீறினாள்; எனவே சபைக்குப் பொறுப்பில்லை என்றார். நிறுத்தும் இடமெல்லாம் குளம் இருக்கும் என்பது தங்கள் ஊர் வழக்கம். கானற்கோட்டைப் பாதையில் குளம் இருந்தால் அங்கே நீர்வண்டி எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே!

குளம் இல்லாவிட்டால் என்ன, வண்டி நிறைய நீர் இருந்ததே என்று தூதர் மடக்கினார். அதற்குக் கொற்றி, அந்த நீர் தன்னுடையதன்று என்றும், ஒவ்வொரு குடத்துக்கும் அங்கே ஒரு வீடு காத்திருந்தது என்றும், மரத்துக்கு ஊற்றிவிட்டு எந்த வீட்டின் முகத்தில் விழிப்பது என்றும் கேட்டாள். தூதர் மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

ஆகவே மன்னர் ஆணை வருமாறு: கொற்றியின் மேல் குற்றமில்லை, வண்டியை அவளே ஓட்டுவாள். புதுச் சக்கரங்களைச் சபை உடனே பூட்டுக. வீரவிடங்கனார் தாமே அந்த வண்டியில் ஏறிக் கானற்கோட்டைவரை செல்க. சபையின் நிபந்தனை இம்மியும் பிசகாமல் காக்கப்படும். நிறுத்தும் இடந்தோறும் சக்கரம் நனைக்கப்படும். அதற்கான நீர், கோட்டையார் பங்கிலிருந்து அல்லாமல், வீரவிடங்கனார் வழியில் குடிப்பதற்கென்று கொடுக்கப்படும் குடத்திலிருந்தே எடுக்கப்படும்.

தாழம்பூ முத்திரை பதித்து, மன்னர் திருமுன் படித்துக் காட்டி, இவ்வோலை விடுக்கப்பட்டது. நாவறளும் இடத்தில் நிபந்தனையைத் தளர்த்திக்கொள்ள வீரவிடங்கனாருக்கு முழு உரிமை உண்டு. அவருக்குத் தளர்ந்த அந்த இடத்திலேயே அது கொற்றிக்கும் தளர்ந்ததாகும்.