சித்தி வீட்டுப் புதுத் தரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான் என்று நீ எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். அதே கடிதத்தில், அடுத்த மாதம் வந்ததும் சித்தியின் மாடி வீட்டில் தங்கப் போவதாகவும், உங்களுக்காகவே அவள் அறைக்குப் புதுத் தரை போட்டு வைத்திருப்பதாகவும் பெருமையாக எழுதியிருந்தாய். போனில் நான் வேண்டாம் என்று ஆரம்பித்ததுமே, "உனக்கு எங்க பார்த்தாலும் அழுக்குதாம்மா தெரியும், சித்தி மேல உனக்குப் பொறாமை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பொறாமையாம். அதனால்தான் எழுத்தில் போடுகிறேன், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

அந்த மாடியில் தனியாகக் குடியிருந்த பழைய பஸ் கண்டக்டர் செத்துப் பதினொரு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது என்பதை உன் சித்தி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். கீழ் வீட்டிலேயே இருந்துகொண்டு அந்த மகாராணிக்குத் தெரியவில்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று ரூம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தாளாம். என் வேலையைச் சொல்லி, நான் உட்காரும் முன் சோபாவில் பழைய விரிப்பு போடுகிறவள், அன்றைக்கு முதல் போன் எனக்குத்தான் போட்டாள். உடம்பை எடுத்துப் போனதும், நானும் என் ஆட்கள் இரண்டு பேரும் மூடிய உடுப்பும் முகமூடியுமாகப் போய், கட்டிலையும் மெத்தையையும் சுற்றிக் கட்டி அனுப்பினோம். பிறகு, பழைய காலத்து மரத்தரை ஆயிற்றே, அந்தப் பலகையில் மருந்தை ஊற்றிப் பார்த்தேன். உடம்பிலிருந்து வடிந்தது உள்ளே இறங்கியிருந்தால் அது நுரைக்கும். பொங்கியது. பலகையை அறுத்து எடுக்க வேண்டும், அடியில் தாங்குகிற கட்டையையும் பார்க்க வேண்டும் என்றேன். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேக்கா, அப்புறம் என்ன" என்றாள். கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது அவள் மூளைக்கு எட்டவில்லை. எங்களை அனுப்பிவிட்டாள். உன் சித்தப்பா, பெரிய வீரர், வெந்நீரில் பினாயிலைக் கலந்து வாளி வாளியாக ஊற்றித் தேய்த்திருக்கிறார். மேலே இருந்ததையும் சேர்த்துக் கீழே இறக்கிவிட்ட புண்ணியம் அவருக்கு. அதன் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் தரையை ஒட்டி மூடிவிட்டு, நாற்றம் தெரியாமலிருக்க மூலைக்கு மூலை கிண்ணத்தில் காப்பித்தூள் வைத்திருந்தார்கள். அந்த அறையில்தான் உன் பிள்ளை தவழ வேண்டுமாம்.

நீ போனை வைத்த மறுநாள் காலை நேராக அங்கே போனேன். இந்தத் தரையில் ஒரு மணி நேரம் படுத்திரு பார்க்கலாம் என்று உன் சித்தியிடம் சொன்னேன். "நான் எதுக்குக்கா அங்க படுக்கணும், அவங்கதானே இருக்கப் போறாங்க" என்றாள். யோசிக்காமல் வந்த பதில். முகமூடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரமாகக் கடப்பாரையை விட்டு நெம்பினேன். சித்தப்பா போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடுங்கள், அவர்களும் வந்து மோந்து பார்க்கட்டும் என்றேன். தரை எழும்பியதும் மனுஷன் பாதிப் படிக்கட்டில் இருந்தார், சித்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஈரம் காயவே இல்லை, கட்டை வரை கறுத்துக் கிடந்தது. இருபது வருஷமாக எத்தனையோ வீடுகளைக் கழுவியிருக்கிறேன், வேலையை நடுவில் நிறுத்தியதில்லை. அந்தப் பலகையைத் தூக்கியதும் கீழே வைத்துவிட்டேன். கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு உன் பிள்ளைக்கு. ஆட்களை வரச்சொல்லி ஐந்து நாளில் பலகை, கட்டை எல்லாவற்றையும் மாற்றினோம். கடைசியாக மருந்தை ஊற்றிப் பார்த்து, நுரை வராத பிறகுதான் கிளம்பினேன். உன் சித்தி இப்போது என்னோடு பேசுவதில்லை. பெரிய நிம்மதி.

அந்த அறை இனிமேல் சுத்தம். அங்கே தங்குவதோ இங்கே தங்குவதோ உன் இஷ்டம். ஆனால் ஒன்று. கல்யாணத்தின்போது உன் மாமியார் வீட்டில், அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று சொல்லி வைத்தாய். நானும் உன் முகத்துக்காகத் தலையாட்டினேன், மாப்பிள்ளை வரும்போதெல்லாம் என் வேலை உடுப்பைப் பரணில் ஒளித்தேன். உன் சித்திக்கு என் எதிரில் முகம் சுளிக்கிற தைரியமாவது இருந்தது, உனக்கு அதுவும் இல்லை. எழுதியதை அடிக்க மாட்டேன், எனக்கு வலித்தது, அதனால் எழுதினேன். விமானம் ஏறும் முன் மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் வந்த அன்றைக்கே வாசலில் வைத்து நான் சொல்வேன்.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நூறு வயசு இருங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை மறக்காமல் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே.

இப்படிக்கு,
செத்தவர்கள் வீட்டைச் சுத்தம் செய்கிற
உன் அம்மா